கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கோலம்!

மார்கழி மாதம். விடியற்காலை மணி ஐந்தரை.

சென்னை அபிராமபுரத்தில் ஒரு தெரு. பால்காரர் வந்து போய்விட்டார். பேப்பர் போடும் பையன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறான்.

ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் குனிந்து நிற்கிறார். தண்ணீர் தெளித்த தரை. விரல் இடுக்கிலிருந்து கோலமாவு சொட்டுச் சொட்டாக விழுகிறது. கையில் புத்தகம் இல்லை, காகிதம் இல்லை.

"ஏழு புள்ளி... ஒண்ணிலே நிறுத்தணும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார். அவ்வளவுதான். கோலம் வளர்ந்துவிடுகிறது.

இப்படி ஒரு பாட்டி. அவருக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பேத்தி. இருவரும் அபிராமபுரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அந்த வாசல் இருக்காது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். இதுபோல வாசல் போன வீடுகள் அந்தப் பக்கத்தில் நிறைய.

பேத்திக்கு ஓர் ஆசை. பொங்கலன்று அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் பாட்டியின் கோலம் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாக, பாட்டி போடுவது போலவே அது வளர வேண்டும். அதன் கீழே "பொங்கலோ பொங்கல்" என்று எழுத்து ஓட வேண்டும்.

போட்டோ வேண்டாம். சினிமாவும் வேண்டாம். வெறும் எழுத்தையும் புள்ளியையும் வைத்தே செய்ய வேண்டும்!

முடியுமா? முடியும்.

1,920 கட்டங்கள்

கம்ப்யூட்டரில் "டெர்மினல்" என்று ஒரு திரை உண்டு. பெரும்பாலும் கறுப்பு. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. எழுத்து மட்டும்தான் வரும்.

அந்தத் திரை பார்ப்பதற்கு வெறுமையாக இருக்கும். உண்மையில் அது கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து.

1978-ல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி "வி.டி.100" என்ற டெர்மினலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் குறுக்கே 80 கட்டம், நெடுக்கே 24 வரி. பெருக்கிப் பாருங்கள், 1,920 கட்டம். இன்றைய கம்ப்யூட்டர்களில் டெர்மினல் ஒரு ஜன்னலாகத் திறக்கிறது. திறந்ததும் பெரும்பாலும் அதே 80, 24 தான்!

80 ஏன்? கம்ப்யூட்டருக்கு முன்பு, ஓட்டை போட்ட அட்டைகளில் கணக்கு வைத்த காலம் ஒன்று இருந்தது. 1928-ல் ஐ.பி.எம். கம்பெனி செய்த அட்டையில் 80 வரிசை ஓட்டைகள். அட்டை போய்விட்டது. எண் மட்டும் தங்கிவிட்டது.

எழுத்தால் வரைந்த படம்

எழுத்தைக் கொண்டு படம் வரைவது புதிய வித்தை அல்ல. 1898-லேயே இங்கிலாந்தில் ஃப்ளோரா ஸ்டேசி என்ற பெண்மணி டைப்ரைட்டரில் ஒரு வண்ணத்துப்பூச்சியைத் தட்டி வரைந்தார். 1966-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் நோல்டன், லியோன் ஹார்மன் என்ற இருவர், சின்னச் சின்னக் குறிகளை அடுக்கி ஒரு நடனக் கலைஞரின் படத்தைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கினார்கள். படம் பன்னிரண்டு அடி நீளம். கிட்டே போனால் குறிகள்தான் தெரியும். எட்டி நின்றால் உருவம் தெரியும்.

ஓடும் படத்துக்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. லினக்ஸ் கம்ப்யூட்டரில் கோப்புகளின் பட்டியலைக் காட்ட "எல், எஸ்" என்று இரண்டு எழுத்துத் தட்ட வேண்டும். அவசரத்தில் பலர் "எஸ், எல்" என்று மாற்றித் தட்டுவார்கள். அப்படித் தட்டுகிறவர்களுக்காக 1993-ல் ஜப்பானியரான டொயோடா மசாஷி ஒரு நிரல் எழுதினார். நிரல் என்றால் கம்ப்யூட்டருக்கு வரிசையாகக் கொடுக்கும் கட்டளைகள். அதைப் போட்டு வைத்த கம்ப்யூட்டரில் மாற்றித் தட்டினால், திரையின் வலது ஓரத்திலிருந்து எழுத்தாலேயே ஆன நீராவி ரெயில் புகை விட்டுக்கொண்டு கிளம்பும்! அது இடது ஓரம் போய்ச் சேரும் வரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

தாம்பரத்தில் நடந்த ஆராய்ச்சி

கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவைக் கண்டுபிடித்தவர்கள் சென்னைக்காரர்கள்தான்.

அபிராமபுரத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி, தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. 1970-களில் அங்கே மூன்று பேர் கோலத்தை ஆராய்ந்தார்கள். ஒருவர் கிஃப்ட் சிரோமணி. மற்றவர் அவருடைய மனைவி ராணி சிரோமணி. மூன்றாமவர் கமலா கிருதிவாசன். இவர் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியையாக இருந்தார்.

கிஃப்ட் சிரோமணி பல துறைகளில் புகுந்து பார்த்தவர். பழைய கல்வெட்டு எழுத்து, மாமல்லபுரத்துச் சிற்பம், பறவைகள் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். வாசலில் கிடந்த கோலத்தையும் அவர் விடவில்லை.

மூவரும் எழுதிய கட்டுரை 1974-ல் வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வந்தது. தலைப்பிலேயே "கோலம்" என்ற சொல் இருந்தது!

அவர்கள் சொன்னது இதுதான். ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு. வாக்கியத்தில் சொற்கள் ஒரே வரியில் வரும். கோலத்தில் குறிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டத்தில் வரும். "இந்தக் குறி இருக்கும் இடத்தில் இந்தக் குறிகளை வை" என்று சில விதிகளைக் கொடுத்துவிட்டால், சின்னக் கோலம் தானே பெரிய கோலமாக வளரும்.

1980-களில் கனடா நாட்டுப் பேராசிரியர் ஒருவர், செடி கொடிகள் வளருவதைக் கம்ப்யூட்டரில் காட்டும் ஆராய்ச்சியில் இருந்தார். அவர் தமிழ்நாட்டுக் கோலங்களையும் அதே முறையில் திரையில் வரைந்து காட்டினார். கிஃப்ட் சிரோமணி 1988-ல் காலமானார். ராணி சிரோமணி 2019 வரை வாழ்ந்தார்.

நம் பாட்டிக்கு இந்த ஆராய்ச்சி தெரியாது. ஆனால் "ஏழு புள்ளி, ஒன்றில் நிறுத்து" என்று அவர் சொல்வதும் விதிதானே! நாலே சொல்லில் ஒரு படம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாலு பக்கம் நிரல் எழுதுகிற பட்டதாரிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

18 புள்ளிதான் வந்தது!

பேத்தி கணக்குப் போட்டாள்.

நேர்ப்புள்ளி. நடு வரிசையில் 7. மேலே போகப் போக 5, 3, 1. கீழேயும் அப்படியே. மொத்தம் ஏழு வரிசை, 25 புள்ளி.

புள்ளிகளை அடுத்தடுத்த கட்டத்தில் வைத்தாள். கோலம் ஒடுங்கி, ஒட்டடைக் குச்சி மாதிரி உயர்ந்து நின்றது. காரணம், டெர்மினல் கட்டம் சதுரம் அல்ல. ஏறக்குறைய அகலத்தைப் போல இரண்டு பங்கு உயரம். அதனால் குறுக்கே நான்கு கட்டத்துக்கு ஒரு புள்ளி, நெடுக்கே இரண்டு வரிக்கு ஒரு புள்ளி என்று மாற்றினாள். கோலம் சரியான உருவத்துக்கு வந்தது. நடுப்புள்ளி 40-வது கட்டத்தில் என்றால், ஏழு புள்ளி வரிசை 28-வது கட்டத்தில் தொடங்கி 52-ல் முடியும்.

"பாட்டி, இங்கே பாருங்க!"

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உச்சியிலே புள்ளியைக் காணோமே. வலது பக்கம் எல்லா வரிசையிலேயும் ஒண்ணு குறையுதே?" என்றார்.

எண்ணிப் பார்த்தால் 18 தான் இருந்தது.

இது நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. "1-ல் தொடங்கு, 7-க்கு முன்னால் நிறுத்து" என்று பேத்தி எழுதியிருந்தாள். அப்படியானால் ஆறு தடவைதான் நடக்கும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு புள்ளி போய்விட்டது. ஒரே புள்ளி இருந்த உச்சி வரிசையும் கடைசி வரிசையும் காணாமலே போயின. 0-ல் தொடங்கும்படி மாற்றியதும் 25 புள்ளியும் வந்தன.

ரகசியக் கட்டளை

சரி, "40-வது கட்டத்தில் புள்ளி வை" என்று கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது?

நாடக மேடையில் திரைக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு, "இடது பக்கம் வா, உட்கார்" என்று நடிகருக்குக் குரல் கொடுப்பார். ஜனங்களுக்கு அது கேட்காது. டெர்மினலுக்கும் அப்படி ஒரு ரகசியக் குரல் உண்டு.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண். 27 என்ற எண்ணுக்கு "எஸ்கேப்" என்று பெயர். அது திரையில் தெரியாது. அது வந்தால், "இனி வருவது எழுத்து அல்ல, கட்டளை" என்று டெர்மினல் புரிந்துகொள்ளும்.

எஸ்கேப், ஒரு சதுர அடைப்புக்குறி, 2, ஆங்கிலப் பெரிய எழுத்து "ஜே" என்று அனுப்பினால் திரை முழுவதும் துடைக்கப்படும். எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, 5, அரைப்புள்ளி, 40, பெரிய எழுத்து "எச்" என்று அனுப்பினால், மினுமினுக்கும் குறி ஐந்தாவது வரியின் 40-வது கட்டத்தில் போய் நிற்கும். அங்கே ஒரு புள்ளியை எழுத வேண்டியதுதான்.

1978-ல் வி.டி.100 கீழ்ப்படிந்த இந்தக் கட்டளைகளுக்கு இன்றைய லினக்ஸ், மேக், விண்டோஸ் டெர்மினல்கள் எல்லாம் கீழ்ப்படிகின்றன.

இனி வேலை சுலபம். இடத்துக்குப் போ. புள்ளி வை. கொஞ்சம் பொறு. அடுத்த இடத்துக்குப் போ. "கொஞ்சம்" என்பது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. 25 புள்ளிக்கு ஐந்து விநாடி.

பேத்தி நிரலை ஓட்டினாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு விநாடி, இரண்டு, மூன்று... ஐந்து விநாடியும் ஒன்றுமே இல்லை. பிறகு திடீரென்று 25 புள்ளியும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன!

நிரலில் தவறு இல்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு சிக்கன புத்தி உண்டு. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகத் திரைக்கு அனுப்பாமல் பையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். வரி முடிந்தால்தான், அல்லது பை நிறைந்தால்தான் கொட்டும். "சேர்த்து வைக்காதே, உடனே அனுப்பு" என்று ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் சொல்ல வேண்டும். "ஃபிளஷ்" என்பது அந்தக் கட்டளையின் பெயர். இது தெரியாமல் ராத்திரி முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர்.

புள்ளி முடிந்ததும் கோடு. விசைப்பலகையில் இரண்டு விதச் சாய்கோடு உண்டு. ஒன்று வலது பக்கம் சாயும், ஒன்று இடது பக்கம் சாயும். ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு சாய்கோடு வைத்தால் அழகான சின்னக் கட்டம். இரண்டு கோடு ஒரே இடத்தில் மோதினால் அங்கே "எக்ஸ்" எழுத்து. இடது பக்கம் சாயும் கோட்டில் மட்டும் ஒரு தந்திரம் இருக்கிறது. பெரும்பாலான நிரல்மொழிகளில் அதற்கு வேறு வேலை உண்டு. ஆகையால் திரையில் ஒன்று வேண்டுமானால் நிரலில் இரண்டு எழுத வேண்டும்.

உடைந்தது பொங்கல்

கோலம் முடிந்தது. "பொங்கலோ பொங்கல்" பாக்கி.

அதுதான் சுலபம் என்று பேத்தி நினைத்தாள். நான்கு எழுத்து, ஓர் இடைவெளி, மறுபடியும் நான்கு எழுத்து. வலது ஓரத்திலிருந்து விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு கட்டம் இடது பக்கம் தள்ள வேண்டும். இடது ஓரம் வந்ததும், முதல் எழுத்தை வெட்டி விட்டு மீதியைக் காட்ட வேண்டும். கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய எழுத்து அழியாமல் வால் மாதிரி பின்னால் நீளும்.

ஓட்டிப் பார்த்தாள். எழுத்து ஓடி வந்தது. இடது ஓரத்தைத் தொட்டது. அங்கே உடைந்தது!

"பொ" இருந்த இடத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். அதன் முன்னால் ஒற்றைக்கொம்பு தனியாக, பின்னால் கால் தனியாக. நடுவில் "ப" இல்லை. கொஞ்சம் பொறுத்து "ங்" உடைந்து, அதன் தலைப்புள்ளி மட்டும் வேறொரு வட்டத்தின் மேல் தொங்கியது.

ஏன்?

நாம் "பொங்கல்" என்பதை நான்கு எழுத்து என்று எண்ணுகிறோம். கம்ப்யூட்டர் ஏழு என்று எண்ணுகிறது. ப, அதன் ஒகரக் குறி, ங, ஒரு புள்ளி, க, ல, மறுபடியும் ஒரு புள்ளி. ஆக ஏழு. "முதல் எழுத்தை வெட்டு" என்றால் அது "பொ"வை வெட்டாது. "ப"வை மட்டும் வெட்டிவிட்டு, கொம்பையும் காலையும் தெருவில் விட்டுவிடும்.

உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பட்டியலுக்கு "யூனிகோட்" என்று பெயர். 1991-ல் வந்த அதன் முதல் பட்டியலிலேயே தமிழ் இடம் பெற்றது. ஆனால் தமிழுக்குக் கிடைத்தது 128 இடம். நம் எழுத்து 247! அதனால் உயிர்மெய்க்குத் தனி இடம் கொடுக்காமல், மெய்யின் உருவத்தையும் உயிர்க்குறியையும் பிரித்து வைத்தார்கள்.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று தமிழ் அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2010-ல் தமிழக அரசு, யூனிகோடோடு "டேஸ் 16" என்ற முறையையும் ஏற்றது. அதில் எல்லா எழுத்துக்கும் தனி எண் உண்டு. ஆனால் யூனிகோட் பட்டியலில் அவரவர் சொந்த உபயோகத்துக்கு என்று ஒதுக்கிய பகுதியில்தான் அதற்கு இடம் கிடைத்தது. ஊருக்குள் எல்லோரும் ஒரு விலாசத்தைப் பழகிவிட்ட பிறகு புது விலாசம் பரவுமா? உலகம் யூனிகோடிலேயே போய்க்கொண்டிருக்கிறது. நாமும் அதில்தான் எழுதுகிறோம்.

நகரா விசை

இதே தொல்லை டைப்ரைட்டர் காலத்திலும் வந்தது. 247 எழுத்துக்கு 247 விசை வைக்க முடியுமா?

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா, தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கினார். அவர் கையாண்ட உபாயம் "நகரா விசை". சாதாரண விசையைத் தட்டினால் காகிதம் ஒரு கட்டம் நகரும். நகரா விசையைத் தட்டினால் காகிதம் அப்படியே நிற்கும். முதலில் புள்ளியைத் தட்டி, பிறகு "க"வைத் தட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து "க்" ஆகும்.

பேத்தியின் நிரலுக்கும் இந்த உபாயமே போதும். எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வருவது உயிர்க்குறியா, புள்ளியா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால், அதைத் தனியாக எண்ணாமல் முந்தின எழுத்தோடு ஒட்ட வேண்டும். ஏழு, நான்காகிவிடும்.

இதைச் செய்து தரும் கருவித் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. "ஓப்பன் தமிழ்" என்று பெயர். முத்து அண்ணாமலை என்ற எஞ்சினியரும் நண்பர்களும் செய்தது. இவர் "எழில்" என்று ஒரு நிரல்மொழியையும் உருவாக்கியவர். அதில் கட்டளைகளே தமிழில் இருக்கும். திரையில் எழுத "பதிப்பி". முடிக்க "முடி". ஆங்கிலம் தெரியாத குழந்தையும் நிரல் எழுதலாம்.

ஆனால் ஒரு குறை இன்னும் இருக்கிறது. ஆங்கில எழுத்தை ஒரே அகலத்தில் செய்யலாம். "ர"வையும் "ணை"யையும் ஒரே அகலக் கட்டத்தில் அடைத்தால் ஒன்று திணறும், ஒன்று ஆடும். சில டெர்மினல்களில் தமிழ் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகிறது. சிலவற்றில் கொம்பு தள்ளி நிற்கிறது. பாட்டியின் புள்ளிகள் முதல் நாளே சரியாக உட்கார்ந்த திரையில், பாட்டி பேசும் மொழி இன்னும் சரியாக உட்காரவில்லை. டெர்மினல் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய வேலை இது. பேத்தி மூன்று டெர்மினல்களை மாற்றிப் பார்த்து, எழுத்து கலையாத ஒன்றைப் பிடித்தாள்.

பொங்கலன்று

காலையில் பால் பொங்கியது. வீட்டார் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினார்கள்.

உச்சியில் ஒரு புள்ளி விழுந்தது. அடுத்து மூன்று, ஐந்து, ஏழு. பாட்டியின் உதடு கூடவே எண்ணியது. சாய்கோடுகள் வளைத்துக்கொண்டு வந்தன. கீழே "பொங்கலோ பொங்கல்" முழு எழுத்து முழு எழுத்தாக ஓடி மறைந்து, மறுபடியும் வந்தது.

நிறுத்த வேண்டுமானால் "கன்ட்ரோல்" விசையை அழுத்திக்கொண்டு "சி" எழுத்தைத் தட்ட வேண்டும். பேத்தி தட்டினாள். கோலம் நின்றது. ஆனால் மினுமினுக்கும் குறியைக் காணோம்! ஓடும்போது இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதை மறைத்து வைத்திருந்தாள். திரும்பக் காட்டச் சொல்லும் கட்டளை வருமுன் நிரலை நிறுத்திவிட்டாள். நீங்கள் எழுதும்போது, நிறுத்தினாலும் குறி திரும்ப வரும்படி முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

"நேர்ப்புள்ளி ஆச்சு. இடுக்குப் புள்ளி போடுமா உன் மெஷின்?" என்று பாட்டி கேட்டார். "ஏழு வச்சு நாலிலே நிறுத்தணும்."

பேத்தி காகிதத்தை எடுத்தாள். 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37. இதில் ஒவ்வொரு வரிசையும் அரைப் புள்ளி தள்ளி நிற்கும். புள்ளிக்குப் புள்ளி நான்கு கட்டம் விட்டிருக்கிறாள். பாதி என்றால் இரண்டு கட்டம்.

"போடும் பாட்டி" என்றாள்.